இடது புருவம்

புதன், இரவு

வலது கண்ணை இன்னும் மூட முடியவில்லை. இமையை இழுத்து மூடி பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு படுக்கச் சொன்னார் டாக்டர். ஒட்டுவதற்கு முன் இதை எழுதிவிடுகிறேன்.

மீன் ஏலத்தில் நான் வாய் திறந்து விலை கேட்பதில்லை. புருவத்தைத் தூக்குவேன். ஏலம் கூறும் ஜெகன் அதைப் பார்த்து விலையை ஏற்றுவான். மற்ற வியாபாரிகளுக்கு அது தெரியாது.

என் முகத்தின் வலது பக்கம் வாதத்தில் விழுந்தபோது ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தவனும் அவன்தான். கட்டிலருகே கதிரையை இழுத்துப்போட்டு, "புருவத்தைத் தூக்கிப் பாருங்கோ அண்ணை" என்றான். வலது புருவம் அசையவில்லை, இடது எழும்பியது.

"ஓம், அது காணும். இனி நான் அந்தப் பக்கம் பாக்கிறன்."

இன்று காலைதான் திரும்பவும் கடற்கரைக்குப் போனேன். பாரை மீன் குவியலுக்கு இடது புருவத்தைத் தூக்கினேன். ஜெகன் நேராக என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு, நான் படுத்திருந்த நாட்களில் என் இடத்தில் வந்து நின்ற லொறிக்காரனுக்கு ஏலத்தை முடித்தான். அடுத்த குவியலும் அப்படியே போனது.

பிறகு அவனிடம் கேட்டேன்.

"நீங்கள் சைகை காட்டேல்லையே அண்ணை. உங்கட முகத்தில இப்ப ஒண்டும் விளங்குதில்லை" என்றான், எல்லாருக்கும் கேட்கும்படியாக. சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள்.

வீட்டில், மீன் சரியில்லை, அதனால் எடுக்கவில்லை என்றேன். முன்பெல்லாம் முகத்தைப் பார்த்தே என் பொய்யைப் பிடிக்கிற மனைவி இன்று நம்பிவிட்டாள்.

நரம்பு தேறினால் வலது புருவமும் எழும்பும் என்கிறார் டாக்டர். எழும்பட்டும். அதை யாருக்குக் காட்டுவது?