நாற்பதாம் நம்பர் பெல்ட்

1982 மார்ச் 2, செவ்வாய்

நல்ல வெயில். ஏ.சி. அறை எனக்கும் கொம்பியூட்டருக்கும் மட்டும். மற்றவர்களுக்குப் பொறாமை. படகு உதிரிப்பாகங்களின் பழைய கணக்கு அட்டைகள் எல்லாம் இன்றோடு கொம்பியூட்டரில் ஏற்றி முடிந்தன. ஒற்றை ஆளாக, மூன்று மாதம். எனக்கே என்னைப் பிடித்திருக்கிறது.

இனி ஒவ்வொரு சாமானுக்கும் எட்டு இலக்கப் புது நம்பர். பழைய நம்பரைக் கொடுத்தாலும் சாமானைக் காட்டும்படி எழுதியிருக்கிறேன். களஞ்சியப் பொறுப்பாளர் மஜீத் நானா (இனி ம.நா.) திரையைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"தங்கச்சி, லோஞ்ச்காரன் எட்டு நம்பர் எழுத மாட்டான். எழுதினா நான் வாசிக்க மாட்டன்."

"நீங்கள் பழசையே சொல்லுங்கோ நானா. அதுக்கு விளங்கும்."

வெள்ளி கொழும்புத் தலைமை ஒப்பிசிலிருந்து ஐயா மெசினைப் பார்க்க வருகிறார். சரிவராவிட்டால் மெசினைத் திருப்பிக் கொண்டுபோவார். நான் பழையபடி டைப்பிங்குக்கு.

வாங்க: ரிப்பன், அம்மாவின் கண் மருந்து.

மார்ச் 3, புதன்

மூதூருக்கு ஆள் ஏற்றும் லோஞ்ச் படகு ஒன்றுக்கு எஞ்சின் பெல்ட் அறுந்ததாம். துண்டு வந்தது: "40, ஒன்று." ம.நா. லீவு, கிண்ணியாவில் கலியாணம். நானே தட்டினேன். சின்ன பெல்ட் என்றது மெசின். எடுத்துக் கொடுத்தனுப்பினேன். ஒரு நிமிட வேலை. பெருமை தாங்கவில்லை.

மார்ச் 4, வியாழன்

பெல்ட் திரும்பி வந்துவிட்டது, லோஞ்ச் டிரைவரின் கையிலேயே. "மிஸ், இது எண்ட மகளுக்குக் கொண்டை கட்டக் காணும்."

நேற்று முழுக்க லோஞ்ச் ஓடவில்லை. சனம் தரைவழியாகக் கிண்ணியா சுற்றி வந்ததாம். வெட்கம்.

அட்டையைப் பார்த்தேன். 40 சின்னது, 41 பெரியது. ம.நா. பெட்டிகளடிக்குக் கூட்டிப்போனார். 40 என்று எழுதிய பெட்டியில் பெரிய பெல்ட்.

"வெள்ளைக்காரன் காலத்துல பெட்டிக்கு நம்பர் பெயின்ட் அடிச்சவன் மாத்தி அடிச்சிட்டான். எல்லாருக்கும் தெரியும்."

"எனக்கு ஏன் சொல்லேல்ல?"

"நீங்க அட்டையத்தானே கேட்டீங்க, தங்கச்சி."

ஓம். பெட்டியை நான் கேட்கவே இல்லை. டிரைவருக்குப் பெரிய பெல்ட் கொடுத்தோம். பிறகு பின்னேரம் வரை இரண்டு பேரும் பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்தோம். இப்படி நம்பர் மாறிய பெட்டிகள் ஆறு. ஆறு பிழையையும் பெட்டியில் உள்ளபடியே புரோகிராமில் எழுதினேன். பக்கத்தில் ஒரு வரி: தெரிந்தே வைத்த பிழை, திருத்த வேண்டாம். கீழே என் பெயர்.

ரிப்பன் மறந்துபோனேன்.

மார்ச் 5, வெள்ளி

காற்றில்லை. நீலச் சேலை. ஐயா புரோகிராமை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிழை எண்டு தெரிஞ்சும் ஏன் பிள்ளை எழுதினீர்? நாற்பதைத் திருத்தி எல்லாருக்கும் ஒரு கடிதம் போட்டால் சரிதானே."

சொல்லிவிட்டேன். "கடிதம் ஒப்பிசுக்குப் போகும் ஐயா. நடுக்கடல்ல பெல்ட் அறுந்தவருக்கு அது ஞாபகம் வராது. அவையளுக்கு நாற்பது எண்டால் பெரிய பெல்ட். கடைசியா வந்தது மெசின்தானே. அதுதான் பழக வேணும்."

இவ்வளவு நாளும் மெசினைத் தொடாத ம.நா. எழும்பி வந்தார். ஒரு விரலால் 4. தேடிப் பிடித்து 0. திரையில் பெரிய பெல்ட்.

"சரி," என்றார் ம.நா. "இது நம்மட ஆள்தான்."

ஐயா கையெழுத்துப் போட்டார். மெசின் இங்கேதான், நானும்தான். அந்த வரியில் என் பெயருக்குக் கீழே தன் பெயரையும் போடச் சொன்னார். இடமில்லை என்றேன்.

இரண்டு மணி. மூதூர் லோஞ்ச் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகிறது. நான் எழுதிய பிழையில் ஓடுகிறது.