ஒரு மாசத்துக்கு வரும்

சித்திரை 3, சனி
காலையிலேயே வெயில் உறைப்பு. மலைமேல் கரியாலூரில் மழையாம், இங்கே சொட்டு இல்லை. கண்ணேறு படக்கூடாது, ஆனாலும் எழுதி வைக்கிறேன். மூத்த பேத்தி கவிதா: பாங்கிப் பரீட்சை முதல் தடவையிலேயே தேறி, உ.பேட்டைக் கிளையில் வேலை. அவள் தம்பி அருள்: நர்ஸ் படிப்பு, வகுப்பில் இரண்டாவது. சின்னவன் மகள் மலர்: ஓட்டத்தில் கோப்பை. தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாவதோடு நின்றவள் நான்.
வாங்க: உளுந்து, சோப்பு.
மத்தியானம் லங்காவிலிருந்து அக்கா போன். நாங்கள் கப்பலேறி வந்தபோது அவளுக்குக் கல்யாணமாகியிருந்தது, தேயிலைத் தோட்டத்திலேயே நின்றுவிட்டாள். காஸ் இல்லையாம். பால்மாவு இல்லை. அவள் போடும் பிரஷர் மாத்திரை எந்தக் கடையிலும் இல்லை.

சித்திரை 4, ஞாயிறு
ஒரு நாட்டில் மாத்திரை எப்படித் தீரும்? கவிதாவைக் கேட்டேன்.
"வெளிநாட்டுல இருந்து வரணும் ஆயா. டாலர் குடுக்கணும். அவுங்ககிட்ட டாலரு காலியாய்க்கினு வருது."
"நோட்டு அடிச்சுக்கறதுதானே?"
"அவுங்க நோட்டத்தான் அடிக்கலாம். டாலர அடிச்சா ஜெயிலு!" என்னைப் பார்த்துச் சிரிப்பு வேறு.
கையிருப்பு டாலர் எத்தனை மாதச் சாமானுக்கு வரும் என்றுதான் பார்ப்பார்களாம். அங்கே ஒரு மாதத்துக்குக்கூட இல்லையாம்.
உடனே அக்காவுக்குப் போன். "மாத்திரை எத்தினி நாளைக்கு இருக்கு?"
"ஒரு மாசத்துக்கு வரும் புள்ள. பயப்படாத."
மனசு ஆறியது. மெட்ராஸிலிருந்து வியாழக்கிழமை ஒருத்தர் கொழும்பு போகிறார், சித்திரைக் கடைசியில் இன்னொருத்தர் என்றான் அருள். கடைசியில் போகிறவரிடம் மாத்திரை கொடுத்தனுப்பலாம், முறுக்கும் சுட்டு வைக்கிறேன் என்றேன் நான்.

சித்திரை 12, திங்கள்
முறுக்கு மாவு பிசைந்தபடி கவிதாவிடம் கேட்டேன், கையிருப்பு டாலர் தாங்கும் நாளைக் கூட்டவே முடியாதா?
"முடியுமே. வாங்கறத கம்மி பண்ணா அதே டாலரு ஜாஸ்தி நாளு வரும். கணக்குல நல்லா இருக்கும். சனங்க வவுறுதான் காயும்."
கை மாவிலேயே நின்றுவிட்டது. அக்காவுக்குப் போன்.
"ஒரு நாளைக்கு எத்தினி போடற?"
"பாதி. ஒருநாள் விட்டு ஒருநாள்."
"எத்தினி மாத்திர இருந்துச்சு?"
"எட்டு."
எட்டு மாத்திரைதான் ஒரு மாதம். எத்தனை நாள் என்று கேட்டேனே, எத்தனை போடுகிறாய் என்று கேட்கவில்லையே. வியாழக்கிழமைக்காரர் எப்போதோ போய்விட்டார். அடுப்பை அணைத்தேன்.

சித்திரை 13
அருள் டவுனுக்கு ஓடி மூன்று மாத மாத்திரை வாங்கி வந்தான். சீக்கிரம் போகிறவர் யாரும் இல்லை. இருக்கிறதை முழுசாகப் போடு என்றேன். "தீந்துட்டா?" என்கிறாள்.

சித்திரை 19, திங்கள்
அக்கா மகன் முத்து போன். ஞாயிறு காலை குழாயடியில் விழுந்தாளாம். வாய் கோணிவிட்டது. வண்டி இருந்தது, பெட்ரோல் இல்லை. மத்தியானத்துக்குள் முடிந்தது.
மாத்திரைப் பொட்டலம் மேசை மேல். யாரும் தொடவில்லை.

சித்திரை 20
முத்துவுக்குக் கடிதம். "கல்யாணப் படத்தத்தான் பெருசாக்கி மாலை போடப் போறோம் சித்தி" என்றானே, அதற்குப் பதில்:
கப்பலேறும்போது பார்த்த அந்த முகம் எனக்குத் தெரியும் தம்பி. கடைசியாக எடுத்தது இருந்தால், எவ்வளவு மெலிந்திருந்தாலும் சரி, போனில் வேண்டாம், புதுசாகப் பிரிண்டு போட்டு ஒன்று தபாலில் அனுப்பு.