சாமியிடம் கேட்ட கார்

திருச்சுழி,
திங்கட்கிழமை

அன்புள்ள ஜோதி அப்பாவுக்கு,

முத்துலட்சுமி எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். மாமாவுக்கு இருமல் மட்டும் விட்டபாடில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று உங்களைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை. சாப்பிடுகிறேன் என்றுதான் சொல்வீர்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் விஷயத்துக்கு வருவதற்குள் சரி, அப்புறம் பேசுவோம் என்று வைத்துவிடுகிறீர்கள். இதைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும். வீரசோழன் ஜமால் அண்ணன் புதன்கிழமை மதுரையில் துபாய்க்கு விமானம் ஏறுகிறார். பருப்புப் பொடியோடு இதையும் அவர் கையில் கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் அறைக்கே வந்து கொடுத்துவிட வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.

உங்கள் முதலாளி வாங்கப்போகும் கார் விஷயம்தான். நீங்கள் அனுப்பிய ஆடியோக்களை மில் வேனில் போகும்போது கேட்டேன், ஒவ்வொன்றையும் நாலு தடவை. வாரத்துக்கு ஒருநாள் பணம் கட்டி ரேஸ் மைதானத்தில் சுற்றுவார்களாம். பந்தயமும் இல்லையாம், பரிசும் இல்லையாம். சும்மா சுற்றிவிட்டு வருவதற்கு இத்தனை பாடா என்று பக்கத்தில் இருந்த பேச்சி அக்கா சிரித்தாள்.

முதல் ஆடியோவில் தெளிவாகத்தான் பேசினீர்கள். முதலாளிக்கு மைதானம் புதுசு, அவருக்கு எடை குறைந்த அந்தச் சின்ன கார்தான் சரி என்றீர்கள். எஞ்சின் சீட்டுக்குப் பின்னால் நடுவில் இருப்பதால் வளைவில் சொன்ன பேச்சு கேட்கும், டயரும் பிரேக்கும் சீக்கிரம் தேயாது, ஹெல்மெட்டோடு உட்கார்ந்தாலும் கூரை இடிக்கவில்லை, கோளாறு வந்தால் எந்த மெக்கானிக்கும் பார்த்துவிடுவான் என்றீர்கள். மூன்றாவது ஆடியோவில் இத்தாலிக் கார் வந்துவிட்டது. அதற்கும் எஞ்சின் நடுவில்தான், ஆனால் பழைய மாடல். பெல்ட் மாற்றவே எஞ்சினை மொத்தமாகக் கீழே இறக்க வேண்டும், அங்கே அதை இறக்கி ஏற்றத் தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான். அதை வாங்கினால் நீங்கள் இன்னும் இரண்டு வருடம் இருந்தாக வேண்டும் என்றாராம் முதலாளி. சின்ன கார் என்றால் நீங்கள் கேட்டபடி பங்குனியில் முடித்துக்கொண்டு ஊருக்கு வந்துவிடலாம். இப்படிச் சொல்லிவிட்டு, எதை வாங்குவது என்று நீயே வெள்ளிக்கிழமை சொல் என்று முதலாளி உங்கள் தலையில் கட்டிவிட்டார்.

நீங்கள் அதை என் தலையில் கட்டினீர்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை, நம் கருப்பசாமி கோயிலில் பூக்கட்டிப் பார், வெள்ளைப் பூ வந்தால் சின்ன கார், சிவப்பு வந்தால் இத்தாலிக் கார் என்றீர்கள். தண்ணீருக்குப் போர் போடவும் பெண் எடுக்கவும் பூக்கட்டிக் கேட்பார்கள். துபாய்க்காரன் காருக்குக் கேட்கச் சொன்ன ஆள் இந்தச் சீமையிலேயே நீங்கள்தான்.

கோயிலுக்குப் போகுமுன் அருப்புக்கோட்டையில் இறங்கி, உங்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பொன்னுச்சாமி அண்ணாச்சியைப் போய்ப் பார்த்தேன். நடுவில் எஞ்சின் என்றால் என்ன அண்ணாச்சி என்று கேட்டேன். நீ தினமும் போகிற மில் வேனிலும் சீட்டுக்கு அடியில்தானே எஞ்சின் இருக்கிறது, உனக்குத் தெரியாததா என்றார். கடைசியாக ஏறுகிற எனக்கு அந்தச் சூடான சீட்டுதான் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியாது. பிறகு ஆடியோ எல்லாவற்றையும் போட்டுக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டே முழுசும் கேட்டார்.

"சின்னதுதான் சரி. ஒம் புருசன் சதீசுக்கே அது தெரியுதே. பெறகு எதுக்குத்தா சாமிய இழுக்குறான்?" என்றார்.

அதற்குப் பதில் எனக்குத் தெரியும். அந்த இத்தாலிக் காரின் எஞ்சின் சத்தத்தை ஆடியோவில் எனக்குப் போட்டுக் காட்டினீர்களே, அப்போது உங்கள் குரல் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அந்தக் குரலில் என்னிடம் பேசி எத்தனை நாளாயிற்று. எனக்குக் கோபம் வந்தது. பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இரும்பு மேல் எனக்குப் பொறாமை வரும் என்று யார் கண்டது.

வெள்ளிக்கிழமை ஜோதியைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். என்ன காரியம் என்று பூசாரி பால்ச்சாமி கேட்டார். கார் என்றேன். கார் வாங்குறீகளா தாயி என்று சந்தோஷப்பட்டார். நாங்கள் வாங்கவில்லை என்று தொடங்கி, எஞ்சின் பின்னால் இருப்பது வரைக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. அவருக்கு இப்போது கண் மங்கல். பூவை நீயே பொட்டலம் கட்டி வை, மனசு சுத்தமாகக் கட்டு என்று சொல்லிவிட்டு விளக்கு ஏற்றப் போய்விட்டார்.

நான் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை நந்தியாவட்டையையே வைத்துக் கட்டினேன். சிவப்பு அரளியை இடுப்பில் செருகிக்கொண்டேன். சாமி முன்னால் வைத்த இரண்டில் ஒன்றை ஜோதி எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வந்தது என்று நான் போனில் சொன்னது இதைத்தான். நீங்கள் சரி என்றீர்கள்.  சாமி சொன்னால் சொன்னதுதான் என்று வைத்துவிட்டீர்கள்.

இது எனக்கும் சாமிக்கும் மட்டும் தெரிந்ததாக இருந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேனோ என்னவோ. எடுக்காமல் விட்ட பொட்டலத்தை ஜோதி விளையாட்டுக்காக வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். இன்று காலையில் மாமாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டு இருந்தேன். அதைப் பிரித்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"அம்மா, இதுலயும் வெள்ளதான் இருக்கு. அப்ப அப்பா வாராகளா, வரலையா?"

ஒன்பது வயதுப் பிள்ளை. ஏன் ஏமாற்றினாய் என்று கேட்கவில்லை. அதைக் கேட்டிருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு, கோயிலில் ஒரு தேங்காயை உடைத்துத் தப்பை ஒப்புக்கொண்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். மாமா கைகால் விழுந்து படுத்து இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து இந்த வீட்டைப் பூட்டிவிட்டு நான் எங்கேயும் போனதில்லை. உள்ளே ஆளை வைத்துவிட்டு எப்படிப் பூட்டுவது. மில்லுக்குப் போகிற நேரம் மாயக்காள் அக்கா வந்து இருக்கிறாள். ஷிப்ட்டு முடிந்து வேன் பாலவனத்தத்தில் பத்து நிமிஷம் தாமதித்தால் அவளுக்குப் போன் போட்டுவிடுகிறேன். காரியாபட்டியில் என் அம்மா செத்த வீட்டுக்குக்கூட காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிட்டேன். கூடப் பிறந்தவர்களோடு உட்கார்ந்து அழ எனக்கு ஒரு ராத்திரி கிடைக்கவில்லை. உங்கள் அப்பாவைக் குறை சொல்லவில்லை. புரட்டிப் படுக்க வைக்கும்போதெல்லாம் அவர் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொள்கிறார். அவருக்கும் இது சிறைதான். பங்குனிக்கு எத்தனை நாள் என்று தினமும் கேட்கிறார்.

நீங்களும் அங்கே சுகமாக இல்லை, தெரியும். இங்கே வரப் பயப்படுகிறீர்கள், அதுவும் தெரியும். போன லீவில் வந்தபோது இருபது நாள் தாங்கவில்லை உங்களுக்கு. தெருவில் இருக்கிற பைக் ஒன்று விடாமல் கழற்றி மாட்டினீர்கள். அப்புறம் ரோட்டோரம் போய் நின்று போகிற வருகிற வண்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். அண்ணாச்சி தன் பட்டறையில் பாதியை உங்களுக்கு விட்டுத் தருவதாகச் சொன்னார். ஆனால் அங்கே வருவது லோடு வேனும் மினி பஸ்ஸும்தான். இத்தாலிக் கார் இந்தப் பக்கம் வழிதவறிக்கூட வராது. இதை மறைத்து உங்களைக் கூப்பிட்டால் அது இன்னொரு பொய்யாகிவிடும். ஒன்று போதும்.

ஆகையால் வெள்ளிக்கிழமை முதலாளி கேட்கும்போது சாமி உத்தரவு என்று சொல்லிவிடாதீர்கள். சாமி ஒன்றும் சொல்லவில்லை. அவரைக் கேட்கவே நான் விடவில்லை. மறுபடி ஒழுங்காகப் பூக்கட்டிப் பார் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள், நான் போகமாட்டேன். எந்தக் காரைச் சொல்வது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இத்தாலிக் கார்தான் என்று முடிவு செய்தால், அதை மாமாவிடமும் ஜோதியிடமும் நீங்களே உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். என்னைச் சொல்லச் சொல்லாதீர்கள். என்னால் அது முடியாது.

ஏழு வருடமாக ஒவ்வொரு தடவையும் ஏர்போர்ட்டு வாசலில் நின்று உங்களைச் சிரித்த முகத்தோடு அனுப்பி வைத்திருக்கிறேன். அழுதால் உங்களுக்குப் பயணம் நல்லா இருக்காது என்று அழுததில்லை. இருந்துவிடுங்கள் என்று ஒரு தடவைகூட வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்கத் தைரியம் இல்லாமல்தான் பூவுக்குள் ஒளித்து வைத்துக் கேட்டேன். இப்போது ஒளிக்காமல் கேட்கிறேன். வந்துவிடுங்கள்.

எங்கே இருந்தாலும் உடம்புக்கு ஒன்றும் வராமல் நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள்
முத்துலட்சுமி