லிம் அண்ணையின் சட்டியில் நான் ஊற்றிய பச்சைத்தண்ணீர்

என் அன்பான லிம் அண்ணை,

உங்கள் சூப்புச் சட்டியில் பச்சைத்தண்ணீர் ஊற்றியது நான்தான். மூன்று வருடமாக இதை நேரில் சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் கண்மூடி ஒரு மாதம் கழித்துத் தமிழில் எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது. என் வீரத்தின் அளவு அவ்வளவுதான்.

மலேசியப் பினாங்குச் சீனருக்கு ஏதடா தமிழ் என்று எங்கள் ஆட்கள் கேட்கிறார்கள். தமிழ்க் கடைகளுக்கு நடுவே மீன் விற்று வளர்ந்தவர் என்று சொன்னாலும் நம்புகிறார்கள் இல்லை. சுவிஸில் இந்த லுசேர்ன் நகர உணவகத்துக் குசினியில் நீங்கள் பெரிய சமையல்காரர், நான் கோப்பை கழுவுகிறவன். ஆனாலும் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டீர்கள்.

எண்பத்தைந்தாம் ஆண்டு மாரிக் குளிரில் நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகினேன்.

“என்னா தம்பி, கால் வலியா?”

“ஓம் அண்ணை. குளிர் எலும்புக்குள்ள போயிட்டுது.”

அடுத்த நாளே உங்கள் தகரப்பெட்டியிலிருந்து கறுத்த வேர்த்துண்டுகள் வந்தன. எங்கள் வைத்தியர்கள் வச்சநாவி என்று சொல்லும் நச்சுவேரின் சீன உறவு. ஆட்டிறைச்சியும் இஞ்சியும் சேர்த்துக் காலையிலேயே அடுப்பில் ஏற்றிவிட்டீர்கள்.

“நஞ்சையே குடிக்கச் சொல்லுறியள்?”

“நல்லா வெந்தா மருந்து. வேகலேன்னா சாவு. நடுவுல பச்சைத்தண்ணி ஊத்தவே கூடாது. நான் முதல்ல குடிப்பேன். என் நாக்கு மரத்துப் போகலேன்னா, அப்புறம் நீ.”

நீங்கள் களஞ்சிய அறைக்குப் போன நேரம் சட்டியில் தண்ணீர் வற்றியிருந்தது. வற்றினால் ஊற்றுவதுதானே நாங்கள் கண்ட சமையல்? ஒரு சாடி குழாய்த்தண்ணீரை விட்டேன். விட்ட பிறகுதான் உங்கள் சொல் நினைவுக்கு வந்தது. ஏச்சு விழுமே என்று வாயை மூடிக்கொண்டு வெங்காயம் உரித்தேன்.

மத்தியானம் எனக்கு ஒரு கிண்ணத்தில் வார்த்து வைத்துவிட்டு, முதலில் நீங்கள் ஒரு கரண்டி குடித்தீர்கள். கொஞ்ச நேரத்தில் உதட்டைத் தடவி, “தம்பி, நாக்கைக் காணோம்” என்றீர்கள். நான் சிரித்தேன், பகிடி என்று நினைத்து. அப்போது உங்கள் கை பாய்ந்து வந்து என் கிண்ணத்தைத் தட்டிக் கவிழ்த்தது. அதன் பிறகுதான் விழுந்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் முதலாளி கட்டிலடியில் நின்று, “வேறு யார் சட்டியைத் தொட்டது?” என்று ஜெர்மனில் கேட்டார். என் அகதி வழக்கு முடியாத நேரம். வேலையும் போய், பொலிஸ் கடுதாசியில் பெயரும் ஏறினால் என் கதை அத்தோடு சரி. நீங்கள் இதயம் தாறுமாறாகத் துடிக்கிற நிலையில் சொன்னீர்கள்: “நான் மட்டும்தான். அவசரப்பட்டு இறக்கிவிட்டேன்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினீர்கள். அது தெரிந்து சிமிட்டியதோ, நஞ்சு சிமிட்ட வைத்ததோ? மூன்று வருடமும் பக்கத்தில் நின்று வேலை செய்தும் கேட்கப் பயந்தேன்.

இப்போது உங்களைக் கொண்டுபோனது சிகரெட் தின்ற நுரையீரல்தான், அந்தச் சூப்பு இல்லை என்று டொக்டர் சொன்னார். இரண்டு தரம் கேட்டேன்.

எனக்கு விசா கிடைத்துவிட்டது, அண்ணை. பக்கத்து ஊர் எமன்புரூக்கேயில் சின்ன வீடும் எடுத்துவிட்டேன். புதுச் சமையல்காரர் எல்லாவற்றுக்கும் தக்காளிச் சோஸ் ஊற்றுகிறார். நீங்கள் பார்க்காதது நல்லது. போன கிழமை மலைக்குப் போனேன். அந்த வேரின் சுவிஸ் சொந்தக்காரி, அதே நச்சுச்செடி, நீலப் பூத்தொப்பி போட்டுக்கொண்டு வழியோரம் நிற்கிறாள். தள்ளி நின்று வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன்.

இனி என் கையால் யாருக்குக் கஞ்சி ஊற்றினாலும் முதல் வாய் என்னுடையது. செய்த பிழையையும் அன்றைக்கே சொல்வேன். இது சத்தியம்.

சத்தியம் செய்த கையோடு இதையும் சொல்லிவிட வேண்டும். என் முழங்கால் ஒருநாளும் நோகவில்லை. நோகுது என்று முனகினால், அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் குந்தியிருக்க விடுவீர்கள் என்றுதான்.

உங்கள் கூடப்பிறக்காத தம்பி