மழையிலும் கானில் தண்ணீர் குறைகிறது

என் ஆசை அப்பாவுக்கு,

நீங்கள் போய் நாளையோடு மூன்று வருடம். படையல் வைத்துவிட்டு ஆறுதலாக எழுதலாம் என்றிருந்தேன். முடியவில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தின் பெஞ்சில் உட்கார்ந்து இப்போதே எழுதுகிறேன். மூன்று நாளாக விடாத மழை. ஆனால் எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மழைத்தண்ணீர் வடிந்து ஓடும் கானில் காலையிலிருந்து தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது.

ஆயுசு முழுக்கக் கான் வெட்டியவர் நீங்கள். "மழையிலயும் கான்ல தண்ணி கொறைஞ்சா மலை உள்ளுக்குக் குடிக்குதும்மா. நிக்காத, எறங்கிரு" என்பீர்கள். நீங்கள் போன அன்றைக்கும் அதைச் சொல்லத்தான் பூண்டுலோயா டவுனுக்கு நனைந்துகொண்டே வந்தீர்கள். நான் கொமியுனிகேஷன் கடையில், கட்டார் நாட்டில் வேலை செய்யும் தம்பியை கம்ப்யூட்டரில் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பாமலே "கொஞ்சம் இருங்கப்பா" என்றேன், மூன்று தடவை.

"சரிம்மா, நீ பேசிட்டு வா. நான் போயி சனத்த வெளிய வரச் சொல்றேன்."

ஏழு வீட்டுச் சனத்தையும் வெளியே அனுப்பிவிட்டுக் கடைசியாக நம் வீட்டுக்குள் போனீர்களாம். அப்போதுதான் மலை சரிந்து மண் வந்தது. உங்கள் பிள்ளைகளில் உங்கள் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது யார் தெரியுமா? தம்பிதான். என் தோளுக்குப் பின்னால், கம்ப்யூட்டரில் பார்த்திருக்கிறான். பக்கத்தில் இருந்த நான் பார்க்கவில்லை அப்பா.

உங்கள் பேத்தி கவிதாவுக்கு இப்போது பதினாறு. தம்பி அனுப்பிய போன் கையை விட்டு இறங்குவதில்லை. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் அதுதான். திட்ட வாய் எடுப்பேன், எனக்கு என்ன யோக்கியதை என்று அடங்கிவிடுவேன். இன்றைக்குக் கானைப் பற்றிச் சொன்னபோதும் தலை நிமிராமல் "அஞ்சு நிமிசம்மா" என்றாள். கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு கீழே இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டேன். லயத்துச் சனமும் கூடவே இறங்கி வந்துவிட்டது. இந்தத் தடவை தப்பு நடக்கவில்லை என்று உங்களிடம் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

இந்த வரியில் இருக்கும்போது பக்கத்து வீட்டு ராணி வந்து கேட்கிறாள்.

"அக்கா, கவிதாவ ஏன் மேல அனுப்புனீங்க?"

"நானா? நான் எங்க அனுப்புனேன்?"

"இங்க சிக்னல் இல்ல, லயத்துக்கு மேல பாறைகிட்டதான் எடுக்கும், கட்டார் மாமா பயந்துக்கிட்டு இருப்பாரு, பத்திரமா இருக்கோம்னு மெசேஜ் போட்டுட்டு வர்றேன்னு ஒங்ககிட்ட சொல்லிட்டுத்தானே போச்சு? நீங்க 'உம்'னு சொன்னீங்களே!"

சொன்னேனா? என் பிள்ளை முன்னால் வந்து நின்று பேசியிருக்கிறாள். நான் உங்களோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

போய் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று ராணிக்கும் சரியாகத் தெரியவில்லை. மேலே ஏதோ சத்தம் கேட்கிறது. இடியாக இருக்கலாம்.

நான் போகிறேன் அப்பா. அவள் கையைப் பிடிக்காமல் திரும்ப மாட்டேன். இது சத்தியம்.

உங்கள் மூத்த மகள்,
மகேஸ்