மானேஜர் பெயரில் போன ராஜினாமா

12 ஆகஸ்ட் 1998, புதன் இரவு

எங்கள் தி.நகர் ஆபீஸ் முழுவதற்கும் ஒரே மெயில் ஐடி. எழுதியது யாரென்று தெரிய, எல்லாருடைய மெயிலின் அடியிலும் பெயரும் பதவியும் தானாக வரும்படி நான்தான் அமைத்தேன். மாதிரிக்கு மானேஜர் பெயரைப் போட்டிருந்தேன். வசந்தியின் கம்ப்யூட்டரில் மட்டும் அதை மாற்ற மறந்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இன்று வசந்தி பம்பாய் ஹெட் ஆபீஸுக்குத் தன் ராஜினாமாவை, அடியில் பெயர் தானாக வருமே என்று தனியாகப் பெயர் போடாமல் அனுப்பினாள். சாயங்காலமே மானேஜர் பெயருக்குப் பதில் வந்தது: ராஜினாமா ஏற்கப்பட்டது, நாளையே பொறுப்பை ஒப்படைக்கவும்.

"அடிப்பாவி, என்னடி பண்ணி வெச்சிருக்க!" என்று வசந்தி அலறினாள்.

ஓடிப்போய் மானேஜர் சாரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவே இல்லை. ஸ்கிரீனில் ஹெட் ஆபீஸ் பதிலை இரண்டு தடவை படித்தார்.

"போன் பண்ணி சரி பண்ணிடலாம்மா. ஆனா இத்தனை வருஷம் இருந்திருக்கேன்... ஏன் போறேன்னு ஒரு வார்த்தை கேக்கலையே?"