‘தொடாத’ என்றீர்களே, அத்தான்

என் அன்பு அத்தானுக்கு,

அன்பு என்று எழுதிவிட்டேன். நீங்கள் சவுதியில் இருந்த காலத்துப் பழக்கம், கை தானாக எழுதுகிறது. ஆனால் இது கோபத்தில் எழுதும் கடிதம். நீங்கள் கண்ணை மூடிப் பத்து மாதம் ஆகிறது. அழுது முடித்துவிட்டேன். கோபம்தான் முடியவில்லை.

இரணியல் வீட்டு முற்றத்தை அடைத்துக்கொண்டு அந்தக் கேரவன் இன்னும் நிற்கிறது. இருபத்தைந்து வருடம் சவுதியில் ட்ரெய்லர் ஓட்டிவிட்டு வந்து ஆசையாக வாங்கினீர்கள். உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. “இனி நாம ரெண்டு பேரும் ஊர் சுத்துவோம் சொர்ணம்” என்றீர்கள். சுற்றினோம். நீங்கள் ஓட்டினீர்கள். நான் பக்கத்தில் இருந்து ஆரஞ்சு உரித்துத் தந்தேன்.

அன்று கோதையாற்றிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். மழை விட்டு மலை முழுக்கப் பச்சை. பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டீர்கள். அந்த நிலையிலும் வண்டியை ஓரம் கட்டி ஹேண்ட் பிரேக் போட்டீர்கள். போனில் டவர் இல்லை. உங்களைத் தாங்கிப் பிடித்துப் பின்னால் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு டிரைவர் சீட்டில் ஏறினேன். சாவியைத் திருப்பினேன். எஞ்சின் உறுமியது.

பின்னாலிருந்து உங்கள் குரல் வந்தது. “சொர்ணம், தொடாத. கீழ கொண்டு போட்டிருவ.”

நீங்கள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான், அத்தான். சாகக் கிடக்கும்போதும் உங்களுக்கு அதைத்தான் சொல்லத் தோன்றியதா?

எஞ்சினை அணைத்துவிட்டு ரோட்டில் இறங்கி நின்றேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரு வண்டியும் வரவில்லை. கடைசியில் ரப்பர் பால் கேன் ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் வந்தது. உங்களைத் தூக்கி ஏற்றும்போது ஜீப்காரர் கேட்டார்: “யக்கா, ஒங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாதா?”

“தெரியாது” என்றேன்.

பொய். எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

குலசேகரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் உங்கள் தம்பி ராஜனிடம் சொன்னதை நானும் கேட்டேன். “கொஞ்சம் முன்னாடி, நேரத்தே கொண்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்.”

நம் மகள் ஷீபா சின்னப் பிள்ளையாக இருந்தபோது தக்கலையில் போய்ப் படித்து லைசென்ஸ் எடுத்தேன். வீட்டில் சும்மா நின்ற காரில் அவளைப் பள்ளியில் கொண்டு விட்டேன். நாகர்கோவில் வரைக்கும் தனியாகப் போய் வந்தேன். பிறகு நீங்கள் லீவில் வந்தீர்கள். ஒரே வாரத்தில் லைசென்ஸைக் காணவில்லை. நான் வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடினேன். நீங்களும் கூடச் சேர்ந்து தேடினீர்களே! கட்டிலுக்கு அடியில் குனிந்து, டார்ச் அடித்து! “போட்டும் விடு. நீ ஓட்டாண்டாம்” என்றீர்கள். அடுத்த மாதம் கார் விற்றுப் போனது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் ‘அவளுக்கு வண்டின்னா பயம்’ என்றீர்கள். கேட்டுக் கேட்டு நானும் அதை நம்பிவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் கழிந்து, இன்சூரன்ஸ் பேப்பர் தேடி கேரவனுக்குள் ஏறினேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உங்கள் பழைய பாஸ்போர்ட் வைக்கும் பை. அதற்குள் என் லைசென்ஸ், பிளாஸ்டிக் உறை போட்டு. கிழித்து எறிந்திருந்தால்கூட ஆறியிருப்பேன். இத்தனை வருடம் எதற்காகப் பத்திரமாக வைத்திருந்தீர்கள்? என்றைக்காவது திருப்பித் தரலாம் என்று நினைத்தீர்களா? அதைக் கேட்கக்கூட ஆள் இல்லாமல் செய்துவிட்டீர்களே.

அந்த வாரமே ராஜன் வந்தான். “மைனி, வண்டிக்கி ஆள் வந்திருக்கு. சாவியத் தாங்க.”

“தரமாட்டேன்.”

“அத வச்சி நீங்க என்ன செய்யப் போறிய?”

“ஓட்டப் போறேன்.”

சிரித்தான். உங்கள் சிரிப்பு அப்படியே அவனுக்கும் இருக்கிறது.

மறுபடி முதலிலிருந்து படித்தேன். பழையது காலாவதியாகிப் போனதால் புது லைசென்ஸ் எடுத்தேன். நம் கேரவனை இரணியல் ரோட்டில் விடிகாலையில் ஓட்டி ஓட்டிக் கை பழகினேன். போன வாரம் ஷீபாவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு கோதையாற்று ரோட்டில் ஏறினேன். எத்தனை நீள வண்டி அத்தான் அது! முன்சக்கரம் வளைவைத் தாண்டிய பிறகும் பின்பக்கம் பாறையை உரசப் பார்க்கிறது. இரண்டாம் கியரை விடவில்லை. பேச்சிப்பாறையைத் தாண்டி ஒரு குறுகல் வளைவில், எதிரே பஸ் இறங்கி வந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“வண்டியில ஆம்பளையாளு யாரும் இல்லியா? பின்னால எடுக்கச் சொல்லும்மா!”

“நான்தான் டிரைவர். ஏறுற வண்டிக்குத்தான் வழி. நீரு எடும்” என்றேன்.

அவர் ஹாரனை அமுக்கினார். நான் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். பஸ்ஸுக்குள் இருந்து ஒரு பெண் சத்தம் போட்டாள். “அவ சொல்லுகது சரிதானவே, எடும்!” எடுத்தார்.

நீங்கள் ஓரம் கட்டிய இடத்தில் நிறுத்தினேன். ஷீபா பூ வைத்து அழுதாள். நான் உங்களை வாய்விட்டு ஏசினேன். எழுத முடியாத வார்த்தையெல்லாம் வந்தது.

“செத்தவங்கள இப்பிடி ஏசாதம்மா” என்றாள்.

“உயிரோட இருக்கும்போ ஏசாததுனாலதான்ட்டி இப்பிடி ஆச்சு” என்றேன்.

இறங்கும்போது மணி பார்த்தேன். மெதுவாக, பயந்து பயந்து ஓட்டியும் நாற்பத்தைந்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி வாசல் வந்துவிட்டது. அன்று நான் ஓட்டியிருந்தால் நீங்கள் பிழைத்திருப்பீர்களா? தெரியாது. அது தெரியாமலே மிச்ச காலத்தை நான் கழிக்க வேண்டும். என் மேலும் எனக்குக் கோபம்தான். ஒரு அதட்டலுக்கு ஏன் எஞ்சினை அணைத்தேன்?

வருட நினைவு நோட்டீஸுக்கு ராஜன் ‘விதி பறித்துக்கொண்டது’ என்று எழுதிக்கொண்டு வந்தான். அந்த வரியை அடித்துவிட்டேன். அன்றைக்குச் சொந்தக்காரர் எல்லாரும் கூடுவார்கள். லைசென்ஸ் விஷயத்தை அவர்கள் முன்னால் சொல்லப் போகிறேன். உங்கள் பெயர் கெடும் என்கிறான் ராஜன். நல்ல மனிதர் என்று யாராவது சொன்னால், ஆமாம் என்பேன், அது உண்மைதான். விதி என்று சொன்னால், இல்லை என்பேன். உங்களுக்கு நான் தரும் வாக்கு இது.

இப்படிக்கு,
உங்கள் மாமன் மகளும் மனைவியும்,
இன்னும் கோபம் ஆறாதவளுமான
சொர்ணம்